இரானி ஓட்டலில் கேட்ட பாட்டுக்கு அக்கா சொன்ன அர்த்தம்

அறுபதுகளின் கடைசியில், பம்பாய் தாராவியில் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கோட்டைப் பக்கம் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். எனக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அக்கா வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைத்தாள். அத்தை மகனுக்கும் அவளுக்கும் நிச்சயமாகி எட்டு மாதம் கழித்து, "இப்போ கல்யாணம் வேண்டாங்கான்" என்று அத்தை வந்து சொல்லிவிட்டுப் போனாள். அத்தானுக்கு டிராம்பேயில் வேலை. அங்கே வேறொரு பெண்ணைப் பிடித்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது. அக்கா ஒரு வாரம் அழுதாள். அதன்பின் மிஷினை விட்டு எழவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வற்புறுத்தி மாட்டுங்காவில் ஒரு இரானி ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இருந்தது. யாரோ ஒரு இங்கிலீஷ் பாட்டு வைத்தார்கள். கித்தார் கிராமத்துப் பாட்டுபோல இழைய, பின்னால் டிரம்ஸ் அதிர்ந்தது. கன்ட்ரி ராக் என்று அதற்குப் பெயர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

அக்கா டீயை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னட்டி சொல்லுதான்?"

"பொண்ணு விட்டுட்டுப் போயிட்டா. அவள நெனச்சுப் பாடுதான். எத்தன நாளானாலும் உங்கிட்ட வந்துருவேங்கான்."

'கெட் ஓவர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. வந்து சேர்வது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"இல்லட்டி. அவ கிட்ட வாரேங்கிறவன் இவ்வளவு நிதானமாவா பாடுவான்? இவன் அழுது முடிச்சவன்லா."

"இங்கிலீஷ் ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அக்கா சிரித்துவிட்டு டீயைக் குடித்தாள்.

மறுநாள் ஆபீசில் என் பக்கத்து மேஜை கோவாக்காரப் பெண்ணிடம் 'கெட் ஓவர்' என்றால் என்னவென்று கேட்டேன். "சம்பல் ஜானா" என்று இந்தியில் சொன்னாள். விழுந்தவர் சுதாரித்து எழுந்துகொள்வதுபோல, துக்கத்திலிருந்து மீண்டுவிடுவது. எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. வீட்டுக்குப் போய் அக்காவிடம், "நீ சொன்னதுதான் சரி" என்று ஒப்புக்கொண்டேன். "பெறவு? நான்தான் சொன்னேம்லா?" என்றாள், ஊசியில் நூல் கோர்த்தபடி.

அடுத்த மாதமே அத்தை மறுபடி வந்தாள். மகன் மனம் மாறிவிட்டானாம், தை மாதமே வைத்துக்கொள்ளலாமாம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா மட்டும், "அத்தானே வந்து கேக்கட்டும்" என்றாள்.

அத்தான் வந்தார். அக்காவே டீ கொடுத்தாள்.

"ஏதோ புத்தி கெட்டுப் போச்சு. மனசுல வச்சுக்காத" என்றார்.

"கோவம் ஒண்ணும் இல்லத்தான். அன்னைக்கு வந்திருந்தா ஓடி வந்திருப்பேன். இப்போ வேண்டாம்."

நிதானமாகத்தான் சொன்னாள். அத்தான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அக்கா அதற்கும் அசரவில்லை. சயானில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடத்தில், அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த நாகர்கோவில்காரரைத் தானே வீட்டுக்குக் கூட்டிவந்து அப்பாவின் முன் உட்கார வைத்தாள்.