வாங்கை அளந்தவர்

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட்டுக்கு அப்பால், காட்டோரம் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கடையை நானும் மனைவியும் எடுத்து நடத்தினோம். காட்டைக் காக்கவென்று அங்கே புதுக்கடை கட்ட நகரசபை விடாது. பழைய கடையைத் திறக்கலாம்; ஆனால் அயலவர்களுக்குப் பயன்பட வேண்டும், சுவரைத் தாண்டி எதுவும் நீளக்கூடாது.

எதிர்வீட்டுப் பெண்மணிக்கு நெடிய உருவம், சிவப்புக் கம்பளித் தொப்பி. கடைக்குள் கால் வைத்ததே இல்லை. வாசலில் ஆட்கள் உட்காரப் போட்டிருந்த வாங்கு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பனிச்சறுக்குக் கோலால் அளப்பார். பிறகு நகரசபைக்கு முறைப்பாடு போகும்.

கடைக்கு உண்மையில் ஆள் வருகிறதா என்று பார்க்க ஒருநாள் நகரசபை அதிகாரி வந்து நின்றார். காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை.

"இவர் நிக்கேக்கை ஒருத்தரும் வரேல்லையெண்டால் பூட்டத்தானப்பா வேணும்," என்றாள் மனைவி, காதுக்குள்.

கதவு திறந்தது. சிவப்புத் தொப்பி.

அவர் நேரே போய்ப் பாலை எடுத்தார். "நான் வழக்கமாக வாங்கும் பாண் வந்துவிட்டதா?" என்று நோர்வேஜிய மொழியில், அதிகாரிக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார். நான் ஒரு பாண் ரொட்டியை எடுத்து நீட்டினேன்.

அதிகாரியின் கார் வளைவில் மறைந்ததும் இரண்டையும் மேசையில் திருப்பி வைத்தார். "என் வீட்டில் இருக்கிறது," என்றார்.

நன்றி சொல்லப் பின்னால் ஓடினேன். வெளியே அவர் குனிந்து வாங்கை அளந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரமே முறைப்பாடு வந்தது. வாங்கை உள்ளே தள்ளினேன். அதன்பிறகு, அவரைக் காணாத வாரங்களில், நானே அதைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைப்பேன்.