அம்மாவுக்கு வந்த சுருட்டுகள்

தொழிற்சாலையில் தேயிலை வாடும் பச்சை மணமும், அடுப்பில் முனகி எரியும் ஈர விறகின் புகையும், இரண்டையும் அமுக்கிக்கொண்டு எழும் ஒரு சுருட்டின் காட்டமான நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால்தான் எனக்கு அந்த நாட்களில் பொழுது விடிந்ததாக அர்த்தம். மலாய் நாட்டு ரிங்லெட் ஊருக்கு மேலே மலைச்சரிவில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தில், விரல் மடக்க முடியாத அந்தக் காலைக் குளிரில், கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொள்வதற்கு முன்பு பின்வாசல் படியில் குந்தி உட்கார்ந்து நிதானமாகச் சுருட்டுப் பிடித்தவர் என் அப்பா அல்லர்; அம்மா.

அம்மாவுக்கு இந்தப் பழக்கம் வந்தது அட்டைகளால். மழைக்காலத்தில் தேயிலைச் செடிகளுக்குள் நுழைந்தால் கணுக்காலில் அட்டை ஏறிவிடும் என்பதால், புகையிலை ஊறிய தண்ணீரைக் காலில் பூசிக்கொண்டுதான் பெண்கள் 'பெரட்டு'க்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் காலை வரிசைக்குப் போவார்கள். "காலுக்கு வாங்குன பொகையில மிஞ்சுச்சு. குளிருக்குச் சுருட்டிப் பத்த வச்சேன். அவ்ளோதான் கதை" என்பார் அம்மா. அவரோடு சுருட்டுப் பழகிய மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வெற்றிலைக்கு மாறிவிட, சுருட்டோடு நின்றவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொள்வார்கள். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவராக செபமாலை உருட்டுவார்.

அப்பா சுருட்டோ சிகரெட்டோ தொட்டதில்லை. கோலா தெர்லாவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர், முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு தாப்பா வளைவுகளில் இறங்கினால் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டுத்தான் திரும்புவார். அம்மாவின் சுருட்டு ரிங்லெட் மளிகைக் கடையில் வாங்குவது. கறுப்பாக, கோணல்மாணலாக இருக்கும் திருச்சிச் சுருட்டு. ஒரு வருடம் கடைக்காரர், "இனிமே அந்தச் சரக்கு வராதுக்கா, கேக்க ஆளில்ல" என்று கையை விரித்துவிட்டார். அம்மா இரண்டு நாள் சிகரெட் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்னா லா, காத்தக் குடிக்கிற மாதிரி இருக்கு" என்று தூக்கி எறிந்தார். பிறகு வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

அப்பா அடுத்த பயணத்திலிருந்து திரும்பியதும், சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். "மேரி, இது பர்மாவாம். பினாங்குக்குப் போற டிரைவர் ஒருத்தன் குடுத்தான். எப்படின்னு பாரு."

எங்கள் வீட்டின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று அப்படித்தான் தொடங்கியது. துறைமுகத்துக் கப்பல்காரர்கள், எல்லை தாண்டிப் போய்வரும் லாரிக்காரர்கள், சிங்கப்பூர் ஓட்டல் சமையல்காரர் என்று அப்பா யாரிடமெல்லாமோ சொல்லி வைத்துச் சுருட்டுகளைக் கொண்டுவந்தார். அவர் வரும் நாளில் அக்கா ஸ்டெல்லாவும் நானும் அடுப்படியில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். அம்மா உடனே பற்றவைக்க மாட்டார். சுருட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இரு விரல்களால் மெதுவாக அமுக்கிப் பார்ப்பார். ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் பொக்கையாகவும் இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். மேல் இலையில் நரம்பு தடித்திருக்கிறதா, லேசாக எண்ணெய் மினுமினுப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். காதருகே உருட்டும்போது சருகு நொறுங்கும் சத்தம் கேட்டால் அது காய்ந்த சரக்கு. பிஸ்கட் டின்னில் ஒரு துண்டு முட்டைக்கோஸ் இலையோடு மூடிவைத்து இரண்டு நாள் கழித்துத்தான் எடுப்பார். எங்கள் மலை ஈரத்தில் பச்சைப் பூசணம் பிடித்தவை நேராக அடுப்புக்குப் போகும்.

பற்றவைத்த பிறகு எங்கள் கண்ணெல்லாம் சாம்பலின்மேல் இருக்கும். நெருப்பு ஒரு பக்கமாக ஓடாமல் வளையம்போலச் சீராக எரிய வேண்டும். சாம்பல் உதிராமல் நிற்க வேண்டும். பர்மாச் சுருட்டு மோட்டாவாக, வெளிறிய இலை சுற்றியிருந்தது. "பொகை நெறைய வருது, நெஞ்சுல ஒண்ணும் நிக்கல" என்றார் அம்மா. ஜாவாவிலிருந்து வந்தது கிராம்பு வாசம் அடித்தது. "சுருட்டா இது, பிரியாணியா?" என்று அம்மா கேட்க, அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சுமத்திரா இலை மெல்லியதாக, நன்றாக எரிந்தது. அதற்கு ஒரு தலையாட்டல் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் சுருட்டு மிதமானது, "பூசை முடிஞ்சு வந்து குடிக்கலாம்" என்று பாராட்டுப் பெற்றது. ஆனாலும் திருச்சிச் சுருட்டின் காட்டம் எதிலும் இல்லை என்பார். "கியூபான்னு ஒண்ணு இருக்காம் மேரி, அதுதான் ராசாவாம்" என்று அப்பா சொல்வார். அதைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி.

அக்காவுக்கு ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்தது அப்போதுதான். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை, நல்ல குடும்பம். கொண்டுவந்தவர் எங்கள் கோயில் உபதேசியார். பெண் பார்க்க வரும் நாளைக் குறித்தபின் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தச் சமாச்சாரம் வேணாம்."

அம்மா ஒரு நாள் அல்ல, ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டார். டின்னை விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்தார், அடுப்படிச் சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினார், அன்று காலையிலிருந்து ஏலக்காயை மென்றுகொண்டே இருந்தார். அத்தனை செய்தும், வருடக்கணக்காகப் பலகையில் ஏறிய வாசம் போகவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கிய மாப்பிள்ளையின் தாயார், மூக்கைச் சுளித்து, "வீட்டுல யாரு சுருட்டுக் குடிக்கிறது?" என்று கேட்டார்.

"அண்ணன்தான்! லாரி ஓட்டுறவரு, தூக்கம் வராம இருக்கணுமில்ல" என்று உபதேசியார் முந்திக்கொண்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கதவருகே நின்ற அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றார் அப்பா. "நான் தொட்டதில்ல. என் சம்சாரம் குடிக்கும். வாங்கியாறது நான்."

வந்தவர்கள் தேநீரைக் குடித்து முடித்தார்கள், மரியாதையாகவே விடைபெற்றார்கள். இரண்டு நாளில் உபதேசியார் மூலம் வேண்டாம் என்ற சேதி வந்தது. அம்மா அப்பாவிடம் குரல் உயர்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன். "வாயத் தொறக்காம இருந்தா என்னா? எம்மவ வாழ்க்கை லா இது!" அப்பா அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "பொய் சொல்லி ஒன்னக் கட்டிக் குடுத்துட்டா, அப்புறம் ஒன் வீட்டுக்கு வர்றப்பல்லாம் ஒங்கம்மா வாய மூடிக்கிட்டு, பயந்துகிட்டே வரணும். அது சரிப்படாது ஆயி. ஒனக்குக் கோவம் இருந்தா அத என்மேல காட்டு."

அக்கா எழுந்து போனாள். அம்மா சுருட்டை விட்டுவிட்டார். அப்பா கொண்டுவந்த பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. தாயும் மகளும் ஒரே அடுப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சமைத்தார்கள். அக்கா கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அம்மாவிடம் வந்து, கைக்குட்டையைப் பிரித்து நீட்டினாள். உள்ளே சிவப்புப் பட்டை கட்டிய ஒரு சுருட்டு. கடைக்கு வந்த வெள்ளைக்காரப் பயணி ஒருவர் பையில் வைத்திருந்ததைப் பார்த்து, எங்கம்மா குடிப்பாங்க என்று கேட்டே வாங்கிவிட்டாளாம்.

"கியூபாம்மா. எப்படின்னு பாத்துச் சொல்லுங்க."

அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல முனையிலிருந்து முனைவரை அமுக்கிப் பார்த்தார், காதருகே உருட்டினார், பற்றவைத்தார். சாம்பல் விரல் நீளத்துக்கு நின்றது. அப்பா உட்பட நாங்கள் மூவரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"ராசாதான்" என்றார் அம்மா. "ஆனா நம்ம திருச்சிக்காரன் காட்டம் இல்ல."

அக்கா பின்னாளில் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பெண் பார்க்க வந்த அன்று அம்மா பின்வாசல் படியில் புகைத்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை அந்தப் பக்கமாகவே நடந்து வந்து வணக்கம் சொன்னார். பிற்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, டாக்டர் வேண்டாம் என்று சொன்னதும் அம்மா முணுமுணுக்காமல் நிறுத்தினார். அப்பா முதலில் போனார், அடுத்த மழைக்காலத்தில் அம்மாவும்.

இப்போது அந்த லயத்தில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ரிங்லெட் மளிகைக் கடை கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. தேயிலைக் காட்டில் சுருட்டுப் பிடிக்கும் பெண்ணைப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. அட்டைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சென்ற மாதம் விமான நிலையத்துக் கடையொன்றில், நாடு நாடாகப் பெயர் எழுதி அடுக்கிய சுருட்டுப் பெட்டிகளின் முன்னால் கால் தானாக நின்றுவிட்டது. புகையிலை நான் தொடாதவள். ஆனால் எந்தப் பெயரைப் படித்தாலும் எங்கள் அடுப்படியில் அது கிளப்பிய சிரிப்பு நினைவுக்கு வந்தது. இப்படி ஒரு வீட்டில் என்னைப் பிறக்கவைத்ததற்குக் கடவுளுக்கு அங்கேயே ஒரு நன்றி சொன்னேன். விற்பனைப் பெண் பக்கத்தில் வந்து, அப்பாவுக்கு வாங்கப் போகிறீர்களா என்று மலாயில் இதமாகக் கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "குடிச்சது எங்கம்மா. அப்பா வாங்கிட்டு வருவாரு." தமிழில் சொல்லிவிட்டேன் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மலாயில் இன்னொரு முறை, அவசரமில்லாமல், முழுவதுமாகச் சொன்னேன்.