அரை ஹெச்.பி. மோட்டாரும் உங்கள் அம்மாவின் குளியலும்

கோவில்பதாகையில் வீடு கட்டிக் குடிவந்தபோது குளியலறையில் ஆசையாக ஒரு ஷவர் வைத்தேன். திறந்தால் நடுவிலுள்ள நாலைந்து ஓட்டைகளில் மட்டும் தண்ணீர் சொட்டும். தப்பு என்னுடையதுதான். தொட்டியைத் தூண் எழுப்பி உயரத்தில் வைக்காமல் குளியலறைக் கூரைத் தளத்தின் மேலேயே உட்கார வைத்துவிட்டேன். தொட்டிக்கும் ஷவருக்கும் நாலடி கூட இல்லை. ஃபேக்டரியில் பைப் ஃபிட்டராக இருப்பவன் செய்யக் கூடாத வேலை. ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. பக்கெட்டில் பிடித்து மக்கால் மொண்டு ஊற்றிக்கொண்டோம்.

உங்கள் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன பிறகுதான் அது குறையாகத் தெரிந்தது. வயிற்றில் கட்டி என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தோம். வயிற்றில் இல்லை, மார்பில். வலது பக்கம் முழுவதும் எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்து, நனைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இடது கையால் மக்கைத் தூக்கினாலும் பாதித் தண்ணீர் வெளியே போகும். ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் அத்தை, "நான் ஊத்திவிடறேன், இதுல என்ன வெக்கம்" என்று பலமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். அம்மா போகவில்லை. ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நாட்களைத் தள்ளினாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"யாரும் பாக்காம, தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நானே குளிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாய் கடை வைத்து, பைப், மோட்டார் எல்லாம் விற்றார். தொட்டியின் உயரத்தைச் சொன்னேன். எந்த ஷவர் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை, தள்ளிக்கொடுக்க ஒரு மோட்டார் வேண்டும் என்றார். கால் ஹெச்.பி. ஒன்று, அரை ஹெச்.பி. ஒன்று, இரண்டையும் மேஜை மேல் எடுத்து வைத்தார்.

"யாரு சார் குளிக்கப் போறது? வயசானவங்களா, சின்னப் பசங்களா?"

அவர் வியாபாரத்துக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு சரியானதைக் கொடுக்கத்தான் கேட்டார். நான் அம்மாவின் நிலையைச் சொல்லியிருக்க வேண்டும். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை.

"ஊட்டுக்குத்தான் பாய். எல்லாருக்கும்."

"அப்ப அரையே எடுத்துக்கோங்க. பின்னால ஃபோர்ஸ் இல்லன்னு என்கிட்ட வரக் கூடாது பாருங்க."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும், என்னோடு வேலை செய்யும் மண்ணூர்பேட்டைக்காரரைக் கூட்டிவந்து மாட்டினேன். ஈரக்கை பட்டு ஷாக் அடித்துவிடக் கூடாது என்று மோட்டாரையும் சுவிட்சையும் குளியலறைக்கு வெளியே, சமையலறைச் சுவரோரம் வைத்தேன். ஃபேக்டரிப் பழக்கம், டெஸ்ட் பண்ணாமல் விட மாட்டோம். அவர் சட்டையோடு போய் ஷவருக்கு அடியில் நின்றார். சுவிட்சைப் போட்டேன்.

"இன்னா மாமே, ஊட்டுக்குள்ள குத்தாலத்த கொண்டாந்து வுட்டுக்கினு கீறே. முதுவு பிச்சிக்கும் போல கீதுபா."

இரண்டு பேரும் சிரித்தோம். முதுகு பிய்த்துக்கொள்ளும் என்று அவர் சொன்னது என் காதில் பாராட்டாகத்தான் விழுந்தது.

அடுத்த நாள் காலை நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மா மாற்றுப் புடவையோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. "போடுங்க" என்றாள். போட்டேன். நிறுத்த வேண்டுமென்றால் கதவைத் தட்டச் சொல்லியிருந்தேன். மோட்டார் பக்கத்திலேயே நின்று, அது அதிர்வில்லாமல் சீராக ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் தட்டவே இல்லை. ஆசை தீரக் குளிக்கிறாள் என்று நினைத்தேன். கடைசியில் தொட்டி காலியாகி மோட்டார் காற்றை இழுத்துக் கத்தியபோதுதான் நிறுத்தினேன்.

அம்மா வெளியே வந்தாள். மாற்றிக் கட்டிய புடவையின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. தலைமுடி காய்ந்தே இருந்தது. அத்தை இருந்ததால் நேராக அறைக்குள் போய்விட்டாள். பின்னால் போய்க் கேட்டேன்.

"அந்த இடத்துல தண்ணி பட்டதும் உசிரே போயிடுச்சு. மூலையில போய் நின்னுக்கிட்டேன். குழாய மூடணும்னாலும் கதவுகிட்ட வரணும்னாலும் அதுக்குள்ள பூந்துதான் வரணும். கூப்பிட்டேங்க. எத்தனை வாட்டி கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல."

மோட்டார் போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அன்று லீவு போட்டு மோட்டாரைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான், முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய ஒன்று தோன்றியது. ஷவர் எதற்குத் தலைக்கு மேல் இருக்க வேண்டும்? கீழே இறக்க இறக்கத் தொட்டித் தண்ணீருக்குத் தானாகவே வேகம் கூடும். இடுப்பு உயரத்தில் ஒரு குழாய் வைத்து, அதில் ரப்பர் டியூப் மாட்டி, டியூப் முனையில் பூவாளிக்கு இருப்பது மாதிரி ஒரு தலையை இறுக்கினேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி இடது கையில் பிடித்துக்கொள்ளலாம். திறப்பது, மூடுவது எல்லாம் அவள் கையிலேயே. இந்த முறை மாட்டுவதற்கு முன்னால் அவளை உட்காரச் சொல்லி, உயரம் சரியா, கைக்கு எட்டுகிறதா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றாள்.

அவள் குளிக்கப் போகும்போது கதவருகே நின்றேன்.

"நீங்க இங்க நிக்க வேணாம். வெளியில போங்க."

"ஏதாவது ஒண்ணுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. போங்க."

போனேன். தெருமுனை வரை நடந்து திரும்பி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தம் வருகிறதா என்று காது அங்கேயே இருந்தது. நனைந்த தலையோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து, காபி போடட்டுமா என்றாள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான் குளித்தாள். அந்த வடுவை அவள் எனக்கும் காட்டியதில்லை. பார்க்கவா என்று நானும் கேட்டதில்லை. பாயிடம் சொல்ல வாய் வராதவன் அவளிடம் மட்டும் எப்படிக் கேட்பேன்? நான் கேட்க வேண்டுமென்று அவள் காத்திருந்தாளா, கேட்காமல் இருந்ததே நிம்மதியாக இருந்ததா, அது எனக்கு இன்றைக்கும் தெரியாது.