அறுக்காமல் நின்ற சாமை

இன்று ஏற்காடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செம்மநத்தம் என்ற மலைக் கிராமத்து அம்மா ஒருவர். நான் வேளாண் கல்லூரியில் வேலை பார்க்கிறேன் என்றதும், எண்பதுகளில் நடந்த ஒன்றைச் சொன்னார்.

ஆராய்ச்சிப் பண்ணை அதிகாரி ஒருவர் இவர் கணவருக்குப் புதுச் சாமை விதை கொடுத்து, "நாங்கள் வந்து எடை போடும்வரை அறுக்காதீர்கள்" என்றாராம்.

"கதிரு நொம்ப நல்லாப் புடிச்சுதுங்க. ஆனா யாருமே வரலீங்க. திட்டத்தையே நிறுத்திப்போட்டாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது."

"அறுத்திருக்கலாமேம்மா?"

"வாக்குக் குடுத்துட்டேன்னாருங்க. மழையில அத்தனையும் கொட்டிப்போச்சு. அந்த வருசம் ஊட்டுல சோத்துக்கே இல்லீங்க. அப்புறம் சாகுற வரைக்கும் அவரு புது விதையத் தொடவே இல்லீங்க."



திட்டத்தைத் தொடங்க விழா எடுக்கிறோம். நிறுத்தும்போது, விளைந்த கதிரோடு காத்திருப்பவரிடம் சொல்ல யாரை அனுப்புகிறோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.