களிக்குப் பல் எதற்கு

எங்கள் பக்கம் கேழ்வரகுக் களியை மெல்ல மாட்டார்கள். உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். மென்றால் சிரிப்பார்கள். அதனால்தான் அப்பாவின் கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி ஈறெல்லாம் சீழ் வைத்தபோதும் வீட்டில் யாரும் பதறவில்லை. "களி முழுங்கப் பல்லு எதுக்கு?" என்றார் அண்ணன். அப்பாவும் மூன்று வேளையும் களியையே விழுங்கி, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

அப்பா சந்தைகளில் துணி விற்றவர். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று வருகிறவரின் மொழியிலேயே பேரம் பேசுவார். 1980களின் கடைசியில் அந்தப் பேச்சு தடுமாற ஆரம்பித்தது. ஒருநாள் துணி மூட்டையைப் பாகலூர்ச் சந்தையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். இனி அவரை அனுப்பவே கூடாது என்று அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தையும் இல்லையென்றால் அப்பா மூலையில் உட்கார்ந்து மிச்சத்தையும் மறந்துபோவார். வலியில் தூங்காமல் புரளும் மனிதருக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்?

கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அவரை ஓசூர் பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"பல்லைச் சரி பண்ணா ஞாபகம் வருமா சார்?"

"ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது. வலி போகும், தூக்கம் வரும். அதுக்கு நான் பொறுப்பு."

எனக்கு அந்த 'இருக்கலாம்' போதும். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஈறு ஆறியதும் பல்செட் வைத்தோம். அவர் கழற்றிக் கழற்றி வைப்பார்; நான் மாட்டி மாட்டி விடுவேன். "உனக்கு வேற வேலை இல்லியா?" என்றார் அண்ணன். நான் காதில் வாங்கவில்லை. அப்பா நன்றாகத் தூங்கினார். வேர்க்கடலையை மென்று தின்றார். முகமே தெளிந்துவிட்டது.

பாகலூர்ச் சந்தைக்கு நானே கூட்டிப்போய்க் கடை விரித்தேன். ஒரு கன்னடக்கார அம்மா விலை கேட்டாள். அப்பா பளிச்சென்று கன்னடத்திலேயே சொன்னார். அடுத்து வந்தவரிடம் தெலுங்கு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அப்பா ஒரு துண்டை என் முன்னால் விரித்துக் காட்டி, என்னம்மா வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார்.

சந்தைக்கு அனுப்பக் கூடாது என்று அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் ஆடிப்போனேன். ஒரு கணம்தான். அவரை ஒட்டி உட்கார்ந்து, "நான் உங்க பொண்ணுப்பா" என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னேன். அடுத்த வாரமும் கூட்டிப்போனேன். அப்போதும் சொன்னேன்.