சுவரை அடைத்த பிறகு

நம்புகிறவர்கள் நம்பட்டும். பேய்க்கதை சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை நான். கட்டடச் சுவர்களில் செடி வளர்ப்பது என் தொழில். இது போன மாசி மாதம், யாழ்ப்பாண நகரத்தில், வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது.

என் தங்கை லவீனா பழைய கல்வீடொன்றை வாடகைக்கு எடுத்துக் கோப்பிக் கடை போட்டாள். கைக்குழந்தையோடு அந்த வீட்டிலேயே படுக்கை. தெருப்பக்கச் சுவர் முழுக்கப் பச்சையாக இருக்கவேண்டும் என்றாள். நானும் என் வேலையாள் ஜெறோமும் துணிப்பைகளைச் சுவரில் வரிசையாக அடித்து, மண் நிரப்பி, செடி நட்டோம்.

உள்ளிருந்து தண்ணீர்க் குழாய் கொண்டுவர ஓர் ஓட்டை வேண்டும். சுவர் நடுவில், ஆளுயரத்துக்கு, பூச்சு மட்டும் வேறு நிறமாக இருந்தது. பழைய கதவை அடைத்திருப்பார்கள், உடைக்கச் சுகம் என்று நினைத்தோம். குருநகர் வேதக்காரர், கிறிஸ்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வேறென்ன தோன்றும்?

உடைத்தோம். கல் பொலபொலவென்று உதிர்ந்தது.

மாலை ஐந்தே முக்கால். காற்று நின்றுவிட்டது. தெருவில் ஓர் இலை அசையவில்லை... எங்கள் செடிகள் மட்டும் ஓட்டைப் பக்கம் சரிந்தன.

"அண்ணை... பின்னாலை ஆர்?" என்றான் ஜெறோம்.

ஒருவரும் இல்லை.

சரக்... சரக்... காலை இழுத்து நடக்கிற சத்தம். கிட்ட வந்தது. ஜெறோமை இடித்துத் தள்ளியது. ஏணியோடு விழுந்தான்.

ஓட்டையைச் சுற்றியிருந்த பைகள் கிழிந்தன. ஒவ்வொன்றாக.

பிறகு... சத்தமே இல்லை.

சீமெந்து குழைத்து ஓட்டையை அடைத்தோம். அதற்குள் லவீனா சந்தையிலிருந்து வந்து, குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

பக்கத்துத் தையல்கடை ஞானாம்பிகை கோபத்தோடு வந்தார்.

"ஆரைக் கேட்டு உந்த அடைப்பை உடைச்சனீங்கள்? பஞ்சமியிலை, கூடாத நாளிலை செத்த மனிசன். வாசலாலை கொண்டுபோகக் கூடாதெண்டு உந்தச் சுவரை உடைச்சுத்தான் சவத்தை எடுத்தவை. திரும்பி வரக் கூடாதெண்டு அண்டைக்கே அடைச்சது."

"நாங்களும் அடைச்சிட்டம், அக்கா."

அவர் கிழிந்த பைகளைப் பார்த்தார்.

"அடைச்சது, அது உள்ளுக்கை போக முதலோ, போன பிறகோ?"

உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது.

"அண்ணை," என்று லவீனா கூப்பிட்டாள். "உங்கடை வேலையாள் ஒராள் அறைக்கை நிக்கிறார். போகச் சொன்னாலும் போறாரில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

எனக்கு ஒரே ஒரு வேலையாள்தான். அவன் என் பக்கத்தில் நின்றான்.