கடலில் போனவர்களுக்கு ஒரு வெள்ளிக்காசு

போன வாரம் பாரிமுனை பஸ் ஸ்டாப்பில் ஒரு காக்கிச் சட்டை என் தோளைத் தட்டியது. காக்கி என்றாலே எனக்கு ஒரு திடுக். என்ன தப்பு செய்தோம் என்று மனசு அவசரமாகத் தேட ஆரம்பித்துவிடும்.

"சார், பத்திரிகைல வாரா வாரம் எழுதறது நீங்கதான?"

ஆமாம் என்றேன், பாதிக் குரலில்.

"ஸ்டாம்ப் சேக்கறவரு, நெருப்புப்பெட்டி லேபிள் சேக்கறவரு... அல்லாரப் பத்தியும் எழுதறீங்கோ. நம்ம ராயபுரம் பக்கம் மட்டும் வர்றதே இல்ல. நானும் சேக்கறேன் சார். வெள்ளிக்காசு!"

போலீஸ் இல்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். பெயர் இன்னாசிமுத்து.

கிரேன் டிரைவர் வீட்டில் வெள்ளிக்காசா? ஞாயிற்றுக்கிழமை போய் நின்றுவிட்டேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு. கதவைத் தட்டுவதற்கு முன்பே இன்னாசிமுத்து வாசலுக்கு வந்துவிட்டார். அவர் மனைவி செலினா ஒரு பாட்டில் கலர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்த பிறகுதான் பேச்சே ஆரம்பம்.

ஒரு பிஸ்கட் டின். உள்ளே, செலினாவின் பழைய வெல்வெட் ரவிக்கையில் கிழித்த துணி. அதன் நடுவே காசுகள். ஒன்றில் மூட்டையைச் சுமந்து நடக்கும் சிப்பாய். ஒன்றில் குதிரைப் படைக்காரன். இன்னொன்றில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருவன்... எல்லாம் வெள்ளி. எல்லாம் ஏதோ ஒரு நாடு தன் படைவீரர்களின் நினைவாக அடித்தவை. வேறு காசுக்கு அந்த டின்னில் இடமே கிடையாது.

ராயபுரத்துக்கு இவை எப்படி வந்தன? கப்பலில்தான். ஹார்பருக்கு எந்தக் கொடி கட்டிய கப்பல் வந்தாலும், வேலை முடிந்ததும் இன்னாசிமுத்து ஒரு மாலுமியைப் பிடித்துக்கொள்வார். பாஷை?

"பாஷை இன்னாத்துக்கு சார்?" என்று எழுந்து நின்றார். விறைப்பாக ஒரு சல்யூட். "சோல்ஜர்..." கட்டைவிரலால் காசைச் சுண்டுவது போல ஒரு சைகை. "சில்வர்... காயின்?" அவ்வளவுதான். கிரீஸ்காரனுக்கும் புரிகிறது, ரஷ்யாக்காரனுக்கும் புரிகிறது!

பதிலுக்கு அவர் கொடுப்பது செலினா போட்ட இறால் ஊறுகாய். ஒரு காசுக்கு எத்தனை பாட்டில் என்று கேட்டேன். "ஆளைப் பாத்து" என்றார் செலினா, சமையலறையிலிருந்து.

சரி, பட்டாளத்துக் காசு மட்டும் ஏன்?

அறுபத்திரண்டில் சீனச் சண்டை வந்தபோது இன்னாசிமுத்து வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் போய் நின்றிருக்கிறார். டாக்டர் காதருகே கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். வலது காது கேட்கவில்லை. ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் சத்தத்திலேயே வளர்ந்த காது அது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"போவ முடியல. போனவங்களயாவது வூட்ல வெச்சுக்கலாமேன்னு..." என்று டின்னைத் தொட்டுக் காட்டினார்.

அப்புறம்தான் இன்னொரு காசின் கதையைச் சொன்னார். அது டின்னில் இல்லை.

யோசேப்பு என்று இவர் கூப்பிடுவது ஒரு கப்பல் சமையல்காரனை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாடு. அவனுடைய நிஜப் பெயரை நான் எழுதினால் அச்சுக்கோப்பவர் கோபித்துக்கொள்வார். அவனுக்கு ஒரு தடவை டின்னைத் திறந்து காட்டினாராம். யோசேப்பு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆர்மி... ஆர்மி... நோ நேவி?" என்று கேட்டான். அடுத்த பயணத்தில் அவனே ஒரு காசு கொண்டுவந்தான். ஒரு பக்கம் அலைகள். கப்பல் இல்லை, முகம் இல்லை, வெறும் அலை. மறுபக்கம் நங்கூரம். சண்டையில் கடலோடு போன மாலுமிகளுக்காக அவன் நாட்டில் அடித்தது. அவன் தம்பியும் அப்படிப் போனவன்தான். ஊறுகாயை வாங்க மறுத்துவிட்டு, கைகொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான்.

"அத வெச்சப்புறம் மத்த காசெல்லாம் டல்லாப் பூட்ச்சு சார்."

எழுபத்தொன்றில் மறுபடி சண்டை, பாகிஸ்தானோடு. எதிர்வீட்டு ரோசம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவருடைய ஒரே மகன் நேவியில் இருந்தான். அவன் போன கப்பல் கடலில் மூழ்கியது. செய்தி வந்தது. உடல் வரவில்லை.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாள். தெருவே பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியது. ரோசம்மா வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. கணவரின் கல்லறைக்கு ஒரு வருஷம்கூடத் தவறாதவர். செலினா போய்க் கூப்பிட்டார்.

"அப்பனுக்கு ஏத்திட்டு வரச் சொல்றியா? புள்ளைக்கு எங்க போய் ஏத்துவேன்? கடல்லயா?"

செலினா திரும்பி வந்து கணவரிடம் சொன்னார். இன்னாசிமுத்து டின்னைத் திறந்தார். அலைக்காசை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார்.

அதைப் பார்த்ததும் ரோசம்மாவுக்கு வந்ததே கோபம்!

"இன்னாசி! எம்புள்ளைக்குப் பதிலா காசு குடுக்க வந்தியா நீ?"

இன்னாசிமுத்து காசை நீட்டினார். "ஐயோ, செலவு பண்ற காசு இல்லக்கா இது. சண்டைல கடலோட போனவங்களுக்காக அடிச்சது. வேற ஊரு..."

ரோசம்மா வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலைமேல் விரலை ஓட்டினார்.

"யாரு பேரு போட்டுகீது?"

"பேரு போடலக்கா. போன அல்லாருக்குமாம்."

"அப்ப எம்புள்ளைக்கும்?"

"உம்புள்ளைக்கும்தான்."

அன்றே கொத்தனாரைக் கூட்டிப்போய், ரோசம்மாவின் கணவர் கல்லறைச் சிலுவைக்குக் கீழே சிமெண்ட் பூசி, அலைகள் வெளியே தெரியும்படி காசைப் பதித்தார்கள். ஈரச் சிமெண்ட் பக்கத்தில் ரோசம்மா முதல் மெழுகுவத்தியை ஏற்றினார். அதுவரை அழாதவர், அப்போதுதான் வாய்விட்டு அழுதாராம்.

அசல் வெள்ளி. திறந்த வெளி. ராயபுரம் என்றதும் மணிபர்ஸைத் தடவிப் பார்க்கும் என் சினேகிதர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னாசிமுத்துவுக்கே பயம் இருந்திருக்கிறது. வேலைக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். ஒருவரும் தொடவில்லை. இல்லை, தொடுகிறார்கள்... கடலுக்குப் போகிறவர்கள் அந்த வழியாக வந்தால், அலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள்.

இந்த வருஷம் யோசேப்பின் கப்பல் மறுபடி வந்தது. வந்ததும் முதல் கேள்வி, அந்தக் காசு எங்கே? கொடுத்ததை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோமே என்று இவருக்குச் சங்கடம். கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். செலினா ஓடிப்போய் ரோசம்மாவைக் கூட்டிவந்தார்.

இன்னாசிமுத்து காசைக் காட்டினார். பிறகு ரோசம்மாவைக் காட்டி, "ஹெர் சன்... நேவி" என்றார். யோசேப்பு தொப்பியைக் கழற்றினான். மண்டி போட்டு அலைமேல் கை வைத்தான். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"இவனுக்கு அம்மா கீறாங்களா, கேளு" என்றார் ரோசம்மா.

இன்னாசிமுத்து கேட்டார். அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. தம்பி திரும்பிவருவான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்து செத்துப்போனாளாம்.

ரோசம்மா மடியிலிருந்து இரண்டு மெழுகுவத்திகளை எடுத்தார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டார். மற்றதை அவன் கையில் கொடுத்தார்.

"இந்தா நைனா. இது உன் தம்பிக்கு."

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "இருந்ததிலேயே நல்ல காசு போய்விட்டதே, வருத்தமில்லையா?" என்று கேட்டுவைத்தேன்.

இன்னாசிமுத்து டின்னை மூடினார்.

"மத்ததெல்லாம் பொட்டில தூங்கிகினு கீது சார். அது ஒண்ணுதான் டூட்டில கீது!"